விமான இரைச்சலை வீட்டிலிருந்தே அளப்பது எப்படி? குமரி மேற்குக் கடலோரத்துக்கான செய்முறை

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆனால் திருவனந்தபுரம் ஓடுபாதையைத் தென்கிழக்கே நீட்டினால் கோடு நீரோடி, கொல்லங்கோடு பக்கம் வரும். வழக்கமான 3 டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், 30 கி.மீ. தள்ளி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும். "சத்தம் தாங்கல" என்று மட்டும் எழுதும் மனு நிற்காது, அளவு வேண்டும்.

1. ஐஇசி 61672 என்ற சர்வதேசத் தரத்தில் கிளாஸ் 2 சவுண்ட் லெவல் மீட்டர் (ஒலி அளவுமானி), 94 டெசிபல் ஒலி எழுப்பி அதைச் சரிபார்க்கும் காலிபிரேட்டர், முக்காலி, மைக்குக்குப் பஞ்சு உறை. செல்போன் ஆப் பழகிப் பார்க்க மட்டுமே.

2. மைக் 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டு 3.5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அளவை ஏற்றிவிடும்.

3. மீட்டரில் 'ஏ' வெயிட்டிங் (மனிதக் காது கேட்கும் விதத்தை ஒட்டிய அளவு), 'ஸ்லோ' (மெதுவாக மாறும் காட்சி) வையுங்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் காலிபிரேட்டரால் சரிபாருங்கள். அரை டெசிபலுக்கு மேல் மாறியிருந்தால் அன்றைய அளவை விட்டுவிடுங்கள்.

4. நம்மூரில் பெரும்பாலும் கெடுவது பின்னணி ஒலியால்தான். கரையில் அலை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று, திருவிழா நாளில் குழாய் ஒலிபெருக்கி. விமானத்தின் உச்ச அளவு பின்னணியைவிட 10 டெசிபலாவது கூடுதலாக இல்லையென்றால், நீங்கள் அளந்தது அலையையும் சேர்த்துத்தான். காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அளக்கவே வேண்டாம்.

5. ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் (வினாடி வரை), உச்ச அளவு, எஸ்இஎல் (ஒரு விமானத்தின் மொத்தச் சத்தத்தையும் ஒரே வினாடியில் குவித்துச் சொல்லும் அளவு), பின்னணி ஆகியவற்றை எழுதுங்கள். விமானத்தைத் தொடரும் ஆப்பில் விமானத்தின் எண்ணும் உயரமும் கிடைக்கும். மீட்டர் கடிகாரத்தைப் போனோடு ஒத்துவைக்க மறந்தால் எந்தச் சத்தம் எந்த விமானம் என்பது குழம்பிப்போகும்.

6. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை, அதாவது 28,800 வினாடி. ஒரு விமானத்தின் எஸ்இஎல் 75, அதுபோல 10 விமானங்கள் என்றால் இரவு முழுவதற்குமான சராசரி 75 + 10 − 44.6 = 40.4 டெசிபல் (10 என்பது விமான எண்ணிக்கையின் மடக்கையைப் பத்தால் பெருக்கியது, 44.6 என்பது 28,800-இன் மடக்கையைப் பத்தால் பெருக்கியது). 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புக்கு இரவு வரம்பு 45, பகல் வரம்பு 55. வரம்புக்குள் இருந்தாலும் அந்தப் பத்தில் ஒன்று குழந்தையை எழுப்பியிருக்கலாம். சராசரி அதைக் காட்டாது. ஆகவே உச்ச அளவையும் கட்டாயம் சேருங்கள். 2018 மத்திய அரசு அறிவிக்கையின் 70/65 (பரபரப்பான விமான நிலையங்கள், பகல்/இரவு), 65/60 (மற்றவை) வரம்புகள் விமான நிலைய இரைச்சல் மண்டலத்துக்கானவை. அவற்றோடு கொல்லங்கோட்டை ஒப்பிடாதீர்கள்.

7. மனுவில் விமானத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) அணுகுமுறையில் தடை கடைசி வழி. ஒரே உயரத்தில் நீளப் பறக்க எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தேவை, சத்தமும் கூடும். அதனால் தொடர்ச்சரிவு இறக்கத்தை (இடையில் சமமாகப் பறக்காமல் தொடர்ந்து சரிந்து இறங்குவதை) கேளுங்கள். ஆப்பில் கிடைத்த உயர விவரம் அதற்குச் சான்று. மனு விமான நிலைய நிர்வாகத்துக்கும் டிஜிசிஏவுக்கும் (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) போகட்டும்.