பழைய நொக்கியா 3100ஐச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய கையடக்கத் தொலைபேசியை எறிவதற்கு முன், அதனால் இன்னும் என்ன செய்ய முடியும் என்பதை முறையாகப் பார்த்துவிடுங்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது 2003இல் அறிமுகமான நொக்கியா 3100. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வண்ணத்திரைத் தொலைபேசி அதுதான்; அப்பா சேர்த்துவைத்த உறவினர் எண்கள் பலவும் அதற்குள்ளேயே இருந்தன.

முதலில் பற்றரி. பின்மூடியைக் கழற்றி, பிஎல்-5சி என்று எழுதப்பட்டிருக்கும் பற்றரியை வெளியே எடுத்து, சமமான மேசையில் வைத்து விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல பற்றரி மேசையோடு உராய்ந்து உடனே நின்றுவிடும். பம்பரம்போலச் சுற்றினால் அதன் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்று பொருள், அதை மீண்டும் போடவோ சார்ஜ் செய்யவோ கூடாது. இந்தத் தொலைபேசியோடு வந்த பற்றரி 3.7 வோல்ட், 850 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுடையது. சிறிய எஃப்எம் வானொலிகள் பலவற்றிலும் இதே வகை பயன்படுவதால், அட்டன், நுவரெலியா கடைகளில் வானொலி பற்றரி என்று கேட்டுப் பாருங்கள்.

பற்றரி இருந்த குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். நம் மலைப்பக்கத்து மூடுபனியும் ஈரமும் உலோக முனைகளை மங்கச் செய்துவிடும். பச்சை பூத்திருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டால் பெரும்பாலும் போதும். அதே குழியில் ஒட்டியுள்ள தாளில் ஐஎம்இஐ எனப்படும், அந்தத் தொலைபேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண் இருக்கும். தொலைபேசியை இயக்கியபின் *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், எப்போதோ உள்ளே மின்சுற்றுப் பலகை மாற்றப்பட்டிருக்கலாம்.

சார்ஜரில் பலர் தடுமாறுகிறார்கள். இதற்கு 3.5 மில்லிமீற்றர் கொண்ட பெரிய பின் தேவை. பின்னால் வந்த சின்னப் பின் சார்ஜர், இணைப்பான் இல்லாமல் பொருந்தாது.

திரை ஒளிர்ந்ததும் அவசரப்பட்டு அதைப் பழுது என்று முடிவு செய்யாதீர்கள். பக்கத்துக்கு 128 புள்ளிகளாக மொத்தம் 16,384 புள்ளிகளே அதில் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 படிகள் என்பதால் 16×16×16, அதாவது 4,096 நிறங்கள் கிடைக்கின்றன. எஸ்டிஎன் எனப்படும் பழைய, மெதுவாக மாறும் திரவப்படிகத் திரையாகையால் பட்டியலை வேகமாக நகர்த்தும்போது எழுத்துக்குப் பின்னால் மெல்லிய நிழல் இழுபடும், பக்கவாட்டில் சாய்த்தால் நிறமும் மாறும். இவை அதன் இயல்பு. அசையாத கோடோ கருந்திட்டோ தெரிந்தால் மட்டுமே அது பழுது.

அலைவரிசை விவரம் நமக்கு மிக முக்கியம். இது ஜிஎஸ்எம் என்னும் கைபேசி வலையமைப்பு முறையில் 900, 1800, 1900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கும் 2ஜி தொலைபேசி. 3ஜி, 4ஜி இதற்கு எட்டாது. 900 அலை 1800ஐ விட அதிக தூரம் செல்வதோடு, மலை மறைவையும் ஓரளவு சமாளிக்கும். தொலைபேசிக் கோபுரத்தின் அலை சரியாக எட்டாத பள்ளத்து லயத்தில் தொலைபேசி தன் அலைபரப்பு வலுவை 2 வாற் வரை உயர்த்தக்கூடும். அங்கே பற்றரி சீக்கிரம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலோரத்தில் வைத்துச் சோதியுங்கள். சிறிய நானோ சிம் என்றால், அதைப் பெரிய சிம் அளவுக்கு ஆக்கும் சட்டகத்தில் பொருத்தியே போடுங்கள். சட்டகம் இல்லாமல் சிம்மை மட்டும் செருகினால் அது சரியாகப் பொருந்தாது.

கமராவோ புளூடூத்தோ நினைவட்டையோ இதில் இல்லை. ஆகவே எண்களை வெளியே எடுக்க எளிய வழி, பெயர்ப்பட்டியலிலுள்ள நகலெடுக்கும் வசதி மூலம் அவற்றைச் சிம்முக்கு மாற்றுவதுதான். ஒரு பெயரின் கீழ் இரண்டு மூன்று எண்கள் இருந்தால் முதன்மை எண் மட்டுமே சிம்முக்குப் போகும். அப்பாவின் பட்டியலில் பெரியம்மாவின் பெயருக்குக் கீழே தோட்டத்து எண்ணும் கொழும்பு எண்ணும் இருந்தன. கொழும்பு எண்ணை நான் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டேன்.