உங்கள் வீட்டுக்கு எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும்? வாட்டர் சாஃப்ட்னர் அளவைக் கணக்கிடும் முறை

கடின நீரை மென்மையாக்கும் கருவியான வாட்டர் சாஃப்ட்னர் வாங்கப் போனால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" நான்கு பேர் என்றால் ஒரு மாடல், ஆறு பேர் என்றால் அதற்கு அடுத்தது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வாங்கினோம். இரண்டே மாதத்தில் குளியலறைக் குழாயில் மறுபடியும் வெள்ளைப் படிவு வந்துவிட்டது. பார்க்க வந்தவர் உப்பின் அளவைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். உப்பு வேகமாகத் தீர்ந்தது, படிவு மட்டும் நிற்கவில்லை. இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. எங்கள் தண்ணீருக்கு அது சிறியது, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். மாடல் எண்ணையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணையும் ஒதுக்கிவிட்டு, ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே எத்தனை லிட்டர் ரெசின் (தண்ணீரை மென்மையாக்கும் மணிகள்) இருக்கிறது?

வேண்டியது சாஃப்ட்னர்தானா?

"உப்புத் தண்ணீர்" என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு தண்ணீர்கள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். மற்றொன்று, சோப்பு நுரைக்காத, கீசரில் சுண்ணாம்பு போலப் படியும் தண்ணீர். இரண்டாவதுதான் கடின நீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சாஃப்ட்னரின் வேலை இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுவது. அதனால் கரிப்பு போகாது, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்த) அளவும் குறையாது. கரிப்புதான் உங்கள் தொல்லை என்றால் சாஃப்ட்னர் எவ்வளவு பெரியதாக வாங்கினாலும் பயன் இல்லை.

இந்த மாற்று வேலையைச் செய்வது ரெசின். கடுகைவிடச் சிறிய, தேன் நிற மணிகள். அவை நிறைந்தபின் உப்புக் கரைசலை அவற்றின் வழியே ஓட்டினால், பிடித்து வைத்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விட்டுவிட்டுப் பழையபடி வேலைக்குத் தயாராகும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஒவ்வொரு மணியும் இவ்வளவுதான் பிடிக்கும் என்று ஒரு வரம்பு உண்டு. அளவுக் கணக்கு முழுவதும் அந்த வரம்பைச் சுற்றித்தான்.

படி 1: கடினத்தன்மையை அளவிடுங்கள்

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி அந்த எண்ணைக் கடினத்தன்மை என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மைக்கென்று தனியாகச் சொட்டு மருந்துக் கிட் கிடைக்கிறது. தண்ணீரில் நிறமியைப் போட்டால் சிவப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாக மருந்தை விட வேண்டும். நிறம் நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு ஆனது என்பதைக் கிட்டோடு வரும் அட்டையில் உள்ள எண்ணால் பெருக்கினால் விடை. இல்லாவிட்டால் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக் கூடத்தில் கொடுத்துவிடலாம்.

விடை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். பி.பி.எம். என்று எழுதியிருந்தாலும் அதேதான். பொதுவாக 60 வரை மென்னீர், 120 வரை மிதமானது, 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்று பிரிக்கிறார்கள். சில கருவிகளின் விவரத்தாளில் கேலனுக்கு இத்தனை கிரெயின் என்று இருக்கும். அதை 17.1-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைத்துவிடும்.

போர் தண்ணீர் என்றால் ஒரே ஒரு முறை அளந்து முடிவு செய்யாதீர்கள். மழைக்குப் பிறகு வரும் எண் வேறு, நிலத்தடி நீர் இறங்கிய பிறகு வரும் எண் வேறு. இரண்டில் பெரியதையே கணக்குக்கு எடுங்கள்.

இரும்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சில மணி நேரம் கிடந்தபின் பழுப்பாகிறதா? கரைந்த இரும்பு இருக்கிறது என்று பொருள். அதுவும் ரெசினில் இடம் பிடிக்கும். ஒவ்வொரு மில்லிகிராம் இரும்புக்கும் கடினத்தன்மையில் சுமார் 70 கூட்டிக்கொள்வது வழக்கம். குழாயிலிருந்து வரும்போதே பழுப்பாக இருந்தால் கதை வேறு. அந்தத் துரு ரெசின் மணிகளின் மேல் படிந்து அவற்றைக் கெடுத்துவிடும். முன்னால் இரும்பு வடிகட்டி போடாமல் சாஃப்ட்னர் வைக்கவே கூடாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கடினத்தன்மை 400, இரும்பு அரை மில்லிகிராம். 400 + 35 = 435.

படி 2: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

வீட்டுக்குள் வரும் எல்லாத் தண்ணீரையும் மென்மையாக்க வேண்டியதில்லை. குளியலறை, கீசர், துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் தொட்டி, இவற்றுக்குத்தான் அவசியம். தோட்டத்துக்கும் வாசல் கழுவவும் வேண்டாம். செடிக்கு அது கெடுதலும்கூட, ஏனென்றால் நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் ஏறுகிறது. 400 உள்ள தண்ணீர் என்றால் லிட்டருக்கு 184 மில்லிகிராம். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர் வீட்டில் இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனிக் குழாய் இழுத்துவிடுங்கள். குழாய் வேலை நடக்கும்போதே சொல்லிவிட்டால் சுலபம். பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

சரி, லிட்டரை எப்படித் தெரிந்துகொள்வது? தண்ணீர் மீட்டர் இருந்தால் ஒரு வாரம் காலையில் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு, மோட்டார் போடாமல் 24 மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பை இறங்கிய உயரத்தால் பெருக்கினால் கன அளவு வரும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். துணி துவைக்கும் நாளில் அளப்பது நல்லது. அளக்கவே வழியில்லை என்றால் ஆளுக்கு 100 முதல் 150 லிட்டர் என்று வைக்கலாம், ஆனால் அது ஊகம்தான்.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் நான்கு பேர், மென்மையாக்க வேண்டியது நாளுக்கு 500 லிட்டர்.

படி 3: நாள் சுமை

லிட்டரைக் கடினத்தன்மையால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும். 500 × 435 ÷ 1,000 = 217.5. நாளுக்கு 220 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடினத்தன்மை 150 மட்டுமே உள்ள வீட்டில் இதே நான்கு பேர் இதே 500 லிட்டர் செலவழித்தால் சுமை 75 கிராம்தான். மூன்றில் ஒரு பங்கு! ஆள் கணக்கை வைத்து அளவு சொல்வது ஏன் தவறு என்பதை இந்த இரண்டு எண்களுமே காட்டிவிடும்.

படி 4: ரெசின் எத்தனை லிட்டர்?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு லிட்டர் ரெசின் எவ்வளவு கடினத்தன்மையைப் பிடிக்கும் என்பது, அதைச் சுத்தப்படுத்த எவ்வளவு உப்பு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. லிட்டர் ரெசினுக்கு 100 கிராம் உப்பு போட்டால் சுமார் 45 கிராம் பிடிக்கும். 240 கிராம் போட்டால் சுமார் 70 கிராம். உப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு, பலனோ ஒன்றரை மடங்கு. மீதி உப்பு சாக்கடைக்குத்தான் போகிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிடுவது பெரும்பாலும் அந்தப் பெரிய எண்ணைத்தான். 30,000 கிரெயின் என்று போட்டிருக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமில் 1,944. பொதுவாக உள்ளே இருப்பது 28 லிட்டர் ரெசின். அந்த 1,944 என்பது உப்பை வாரி இறைத்தால் வரும் கொள்ளளவு. சிக்கனமாக ஓட்டினால் அதே கருவி தருவது 1,260 கிராம். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். சிறிய கருவியில் உப்பைக் கூட்டிக் கூட்டிப் பெரிய கருவியின் வேலையை வாங்கப் பார்த்தோம்.

ஆகவே கணக்குக்கு 45 என்ற எண்ணையே எடுங்கள். அடுத்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை ரீஜெனரேஷன்? தினமும் நடந்தால் தண்ணீரும் உப்பும் வீண். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் ரெசின் படுகை இறுகும், கிருமி வளரவும் இடம் உண்டு. ஐந்து முதல் ஏழு நாள் என்பது நல்ல இடைவெளி. அதோடு ஒரு நாள் கையிருப்பு சேர்க்க வேண்டும். ரீஜெனரேஷன் பொதுவாக நள்ளிரவுக்குப் பின் நடப்பதால், மாலையில் கொள்ளளவு தீர்ந்துவிட்டாலும் இரவுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே.

ஐந்து நாள் + ஒரு நாள் = 6. 220 × 6 = 1,320 கிராம். அதை 45-ஆல் வகுத்தால் 29. கிட்டத்தட்ட 30 லிட்டர் ரெசின்.

படி 5: ஓட்டத்தைச் சரிபாருங்கள்

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் ரெசினைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரமாவது இருந்தால்தான் மாற்றம் நடக்கும். மிக வேகமாக ஓடினால் கடினத்தன்மை கொஞ்சம் கசிந்து வெளியே வரும், அழுத்தமும் குறையும். ஒரு மணி நேரத்தில் ரெசினின் கன அளவைப் போல 40 மடங்கு தண்ணீர் என்பதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். 30 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 1,200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 20.

இப்போது வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் அளந்து பாருங்கள். நம் வீட்டில் ஷவர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர், துணி இயந்திரம் 10 என்று வைப்போம். காலையில் இரண்டு ஷவரும் இயந்திரமும் ஒன்றாக ஓடினால் 28. 30 லிட்டர் ரெசின் போதாது. 42 லிட்டர் என்றால் 42 × 40 = 1,680, நிமிடத்துக்குச் சரியாக 28. துணி துவைப்பதை மதியத்துக்குத் தள்ள முடியுமென்றால் 30 போதும். முடியாதென்றால் 42 வாங்குங்கள், நான் அதைத்தான் சொல்வேன்.

பெரியதை வாங்கினால் உப்பு அதிகம் தின்னுமோ என்று தயங்க வேண்டாம். 30 லிட்டருக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை 3 கிலோ, 42 லிட்டருக்கு ஏழரை நாளுக்கு ஒரு முறை 4.2 கிலோ. இரண்டுமே மாதத்துக்கு 17 கிலோ அளவில்தான் வந்து நிற்கும். உப்புச் செலவு உங்கள் தண்ணீரின் சுமையைப் பொறுத்தது.

அதற்காக இருப்பதிலேயே பெரியதைத் தூக்கி வரவும் கூடாது. ரீஜெனரேஷனின்போது தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளி ரெசினைக் கிளப்பிக் கழுவ வேண்டும். 10 அங்குல விட்டமுள்ள ரெசின் உருளைக்கு இதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தேவை, 13 அங்குலத்துக்கு 17. உங்கள் பம்ப் அவ்வளவு தராவிட்டால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும்.

படி 6: எங்கே வைக்கப் போகிறீர்கள்?

போர் மோட்டாருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் நடுவில் வைத்தால், கணக்குக்கு வரவேண்டியது குழாய்களின் ஓட்டம் இல்லை, மோட்டாரின் ஓட்டம். மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் மோட்டாருக்கு 75 லிட்டர் ரெசின் வேண்டியிருக்கும். தொட்டிக்குப் பின்னால் வைத்தால் சிறியது போதும். ஆனால் அங்கே வேறு சிக்கல். தானியங்கி வால்வு உப்புக் கரைசலை உறிஞ்சத் தண்ணீரின் அழுத்தத்தையே பயன்படுத்துகிறது. அதற்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் தேவை. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஒரு பார். தொட்டி 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது அரை பார், அது காணாது. பிரஷர் பம்ப் வைக்க இடமும் மின் இணைப்பும் உண்டா என்று முன்பே பார்த்துவிடுங்கள். கழிவு நீர் போக ஒரு வடிகாலும் வேண்டும்.

வால்வில் இரண்டு வகை. நாள் கணக்கில் இயங்குவது ஒன்று, ஓடிய லிட்டரை மீட்டர் வைத்து எண்ணி இயங்குவது மற்றொன்று. இரண்டாவதையே வாங்குங்கள். விருந்தினர் வந்தாலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனாலும் அது தானாகச் சரிசெய்துகொள்ளும்.

பொருத்திய பிறகு

முதல் மாதத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வால்வில் இத்தனை லிட்டருக்கு ஒரு ரீஜெனரேஷன் என்று நீங்களே அமைக்கச் சொல்லுங்கள். 42 லிட்டர் ரெசின், 435 கடினத்தன்மை என்றால், 42 × 45 = 1,890 கிராம், அதை 0.435-ஆல் வகுக்க 4,340 லிட்டர் வரும். ஒரு நாள் கையிருப்பான 500-ஐக் கழித்தால் சுமார் 3,800. அப்புறம், ரீஜெனரேஷன் நடக்கப் போகும் நாளன்று மாலையில் குளியலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து அதே சொட்டு மருந்துக் கிட்டால் சோதியுங்கள். முதல் சொட்டிலேயே நீலமானால் சரி. நாலைந்து சொட்டு பிடித்தால், அந்த 3,800-ஐ 3,400 ஆக்கிவிட்டு அடுத்த சுற்றில் மறுபடி பாருங்கள்.