ஆம்ஸ்டர்டாமில் பாட்டி சைக்கிள் ஓட்டுவது எப்படி

வாடகைக்கு எடுக்கும்போது 'ஓமாஃபீட்ஸ்' என்று கேளுங்கள். டச்சு மொழியில் ஓமா என்றால் பாட்டி, ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். நம்மூர்க் கறுப்பு சைக்கிள் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். பழைய வகையில் கைப்பிடியில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். முதல் நாள் என் விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தன. இதில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றிச் சரிசெய்யவும் முடியாது. ஆகவே, சிக்னலில் நிற்கும்போதே வலது பெடல் சற்று மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். கிளம்பும்போது ஒரே மிதிதான்.

டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். நான் சாய்வாகக் கடந்தேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, முழங்கால் தோலுரிந்தது. எப்போதும் வலப்பக்கம் செல்லுங்கள். திரும்புமுன் கை காட்டுங்கள். பாதையில் நின்று படமெடுத்தால் பின்னால் மணிச் சத்தம் மழையாகப் பொழியும், நியாயம்தான்.

பூட்டு இரண்டு. பின்சக்கரத்தின் வளையப் பூட்டில், பூட்டினால்தான் சாவி கையோடு வரும். சங்கிலியை முன்சக்கரம், சட்டம் இரண்டையும் சேர்த்துக் கம்பியோடு பிணையுங்கள். மத்திய ரயில் நிலையத்தின் முன்னே நீருக்கடியில் 2023இல் திறந்த நிறுத்தத்தில் 7,000 சைக்கிள்களுக்கு இடமுண்டு. முதல் 24 மணி நேரம் இலவசம். விட்ட வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எல்லாப் பாட்டிகளும் கறுப்புதான்.