வழவழப்பை வளர்ப்போம்: வீட்டில் ஒரு பயோஃபிலிம்

பக்கெட்டைப் பத்து நாள் தேய்க்காமல் விட்டால் உட்புறம் வழவழவென்று ஆகிவிடும். பாசி என்போம். பச்சையே இல்லாத அந்த வழவழப்பு பெரும்பாலும் பாக்டீரியா கட்டிய குடியிருப்பு. அதுதான் பயோஃபிலிம்.

தேவை: மைக்ரோஸ்கோப் ஸ்லைடு நான்கு, நூல், ஒரு பாத்திரம் குளத்துத் தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஜென்ஷன் வயலட் என்ற ஊதாச் சாயம், கையுறை.

படி 1: ஸ்லைடுகளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரம் நிழலில் இருக்கட்டும். வெயில் பட்டால் நிஜப் பாசி முளைத்துவிடும்.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது? பல பாக்டீரியாக்கள் கசையிழையை (வால் மாதிரி நீண்ட இழை) சுழற்றி நீந்தி வந்து கண்ணாடியில் ஒட்டும். ஒட்டியபின்னும் சும்மா இராது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வேறொரு மெல்லிய இழையை நீட்டி, முன்னால் பற்றி, இழையைச் சுருக்கி நகரும். கிணற்றில் பாதாளக்கரண்டி போடுவது மாதிரி. ஆனால் இங்கே வாளி மேலே வராது, போட்டவரே இழுபட்டுப் போவார்! பிறகு பிசின் சுரந்து எல்லாம் ஒன்றாகத் தங்கிவிடும்.

படி 2: 1, 3, 7-ஆம் நாட்களில் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரே ஒரு முறை முக்குங்கள். ஒட்டாதவை போய்விடும்.

படி 3: காய்ந்ததும், ஒரு பங்கு வயலட்டில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். முதல் நாள் ஸ்லைடில் ஊதா லேசாகத்தான் இருக்கும். ஏழாம் நாள் ஸ்லைடில் திட்டுத் திட்டாகத் தெரியும். கையுறை இல்லாமல் செய்து, மூன்று நாள் ஊதா விரலோடு திரிந்தவன் சொல்கிறேன்: போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நான்காவதையும் ஏழாம் நாளே எடுத்து, சாயமில்லாமல் குழாயடியில் காட்டுங்கள். வழவழப்பு அவ்வளவு சுலபத்தில் போகாது. கையுறை விரலால் தேய்த்தால் வழித்துக்கொண்டு வரும். கொப்பளித்தால் மட்டும் பல் சுத்தமாகாததும் இதனால்தான். பல்லில் படிவதும் பயோஃபிலிம்தான்.

இப்படி ஒரு கூட்டத்தில் ஓரத்தில் இருப்பவை குளூட்டமேட் என்ற சத்தைத் தின்றுவிட்டால் நடுவில் இருப்பவை பட்டினி. ஆனால் ஓரத்துக்கு வேண்டிய அம்மோனியத்தைத் தயாரிப்பது நடுப்பகுதி. அது நின்றால் ஓரத்தின் வளர்ச்சியும் நிற்கும். அந்த இடைவெளியில் சாப்பாடு உள்ளே போய்ச் சேரும். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் 2015-இல் கண்டது இது. நல்ல மனசெல்லாம் இல்லை, கொடுக்கல் வாங்கல்.

படி 5: முடிந்ததும் பாத்திரத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்து அரைமணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு நார் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும்; பிசினுக்கு அடியில் இருப்பவற்றை பிளீச் எளிதில் எட்டாது. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.