லத்தீன் ஜாஸ் இசைத்தட்டுகள்: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் ஜாஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே வகை இசைதான் என்று எண்ணி வாங்கத் தொடங்குவது பலரும் செய்யும் முதல் தவறு. 1940இல் நியூயார்க்கில் உருவான மச்சீட்டோ குழுவும், அதன் இசை இயக்குநர் மரியோ பௌசா 1943இல் அமைத்த ‘டாங்கா’ என்ற இசைக்கோவையும் கியூபத் தாளத்தின் மீது ஜாஸைக் கட்டியெழுப்பின, சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் 1962 முதல் வெளியிட்ட பல தட்டுகளோ பிரேசிலின் மென்மையான இசை வகையான போசா நோவாவைச் சேர்ந்தவை. 1964இல் தொடங்கிய ஃபானியா நிறுவனத்தின் தட்டுகளில் பெரும்பாலானவை சால்சா என்னும் நடன இசை. அங்கே பாடகருக்கும் நடனத்துக்குமே முதலிடம். கெட்ஸின் மென்மையில் மயங்கியவர் அதே மயக்கத்தில் மச்சீட்டோவின் ‘கென்யா’ தட்டை வாங்கிப் போட்டால், முதல் நிமிடத்திலேயே எக்காளங்களின் முழக்கத்தில் திகைத்துப்போவார்.

இரண்டாவது தவறு, உறையில் ஸ்டீரியோ (ஒலி இரு பக்கமாகப் பிரிந்து வருவது) என்று அச்சிட்டிருந்தால் அது மேலானது என்று நம்புவது. ஸ்டீரியோ எல்.பி.க்கள், அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டுகள், கடைகளுக்கு வந்தது 1958ஐ ஒட்டித்தான். சிக்கோ ஓ’ஃபாரில் 1950இல் பதிவு செய்த ‘ஆப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்’ போன்றவை பிறந்ததே மோனோவில், அதாவது பிரிக்கப்படாத ஒரே ஒலித்தடத்தில். இத்தகைய பழைய பதிவுகளை 1960களில் மறுவெளியீடு செய்த நிறுவனங்கள் பல, தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலிகளை மறு பக்கமுமாகப் பிரித்து, சில வேளைகளில் எதிரொலியும் சேர்த்து, செயற்கை ஸ்டீரியோவாக விற்றன. தாளவாத்தியங்களை உயிராகக் கொண்ட இந்த இசைக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. காங்கா என்னும் கை மேளத்தில் உள்ளங்கை விழும் ஓசை ஒரு மூலையிலும் அதன் அதிர்வு இன்னொரு மூலையிலுமாகச் சிதறிவிடும். மோனோ பிரதி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

லேபிளில் உள்ள நிறுவனப் பெயரை வைத்துத் தட்டின் வயதைக் கணிப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். 1948இல் தொடங்கப்பட்ட டிக்கோ இசைத்தட்டு நிறுவனம் 1957இல் ரூலெட் நிறுவனத்தின் கைக்கும், 1970களில் ஃபானியாவின் கைக்கும் போனது. அதன் பெயர் தாங்கிய தட்டுகள் எல்லாம் முதல் பதிப்பு ஆகிவிடாது. பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்களைப் படித்து, முன்பே உறுதி செய்யப்பட்ட பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஃபேன்டஸி நிறுவனம் மோனோவைச் சிவப்பிலும் ஸ்டீரியோவை நீலத்திலும் அச்சிட்டதால், அதில் வெளியான லத்தீன் ஜாஸ் கலைஞர் கால் ஜேடரின் தட்டுகளை நிறத்துக்காகவே தேடுவோர் உண்டு. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் அந்தத் தட்டுகள் அழகானவைதான். ஆனால் அந்த நிறம் ஒலிக்கு உத்தரவாதம் தராது.

நிலையைச் சோதிக்கும்போது கீறலை மட்டும் பார்க்காதீர்கள். இவை வீட்டு விருந்துகளில், கனமான ஊசிக் கைகளுக்கு அடியில், நடனத்துக்காக மீண்டும் மீண்டும் சுழன்ற தட்டுகள். கீறலே இல்லாமல் பளபளக்கும் தட்டிலும் பள்ளங்கள் தேய்ந்திருக்கலாம். அந்தத் தேய்மானம் முதலில் வெளிப்படுவது மையத்தை ஒட்டிய கடைசிப் பாடலில், எக்காளங்கள் சேர்ந்து உரக்க ஒலிக்கும் இடத்தில்தான். ஆகவே விற்பவரிடம் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு எல்.பி. ஊசி பொருந்தாது, அகன்ற பள்ளத்தின் அடியில் அது தடுமாறி இரைச்சலைத்தான் எடுக்கும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் அவற்றைத் துடைப்பது இன்னும் பெரிய பிழை. மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுபவர்கள் அரக்கை எதில் கரைக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

கேட்பதிலும் ஒரு தவறு உண்டு: ஜாஸ் பழக்கத்தில் சாக்ஸபோன், டிரம்பெட் ஆகியவற்றின் தனி வாசிப்பை மட்டும் பின்தொடர்ந்து, மற்றதைப் பின்னணியாக ஒதுக்கிவிடுவது. இந்த இசையின் முதுகெலும்பு கிளாவே என்னும் தாள வடிவம். இரண்டு தாள அளவுகளுக்குள் ஒன்றில் மூன்றும் மற்றதில் இரண்டுமாக விழும் ஐந்து அடிகள் அவை. பல பதிவுகளில் அதை யாருமே வெளிப்படையாகத் தட்டுவதில்லை. கச்சேரியில் சபையோர் மனத்துக்குள் தாளம் போடுவதுபோல, கேட்பவரே அதை வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்பெட் கலைஞர் டிசி கில்லெஸ்பி 1947 டிசம்பரில் பதிவு செய்த ‘மான்டேக்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபத் தாளக் கலைஞர் சானோ போசோ கொண்டுவந்த தாள வடிவங்களின் மேல் பாஸும் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) ஊதுகருவிகளும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. கில்லெஸ்பி சேர்த்த நடுப்பகுதியில் நடை ஜாஸின் பக்கம் சாய்கிறது. அந்தத் திருப்பத்தைக் காது பிடித்துக்கொண்டால் மற்ற தட்டுகளும் பிடிபடத் தொடங்கும்.

பெரிய குழுக்களையே நாடி, சிறு குழுக்களின் கியூபத் தட்டுகளை ஒதுக்குவதும் தவறு என்றே கருதுகிறேன். பாஸ் கலைஞர் கச்சாவோ, இரவு விடுதிகளில் வேலை முடிந்த இசைக்கலைஞர்களை விடியும் முன் கூட்டி வைத்து, ஹவானாவில் 1957இல் பானார்ட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த டெஸ்கார்கா (முன்திட்டமின்றிக் கூடி வாசிப்பது) தட்டில் பாடல்கள் மிகச் சிறியவை. அவற்றை நடத்திச் செல்வது பாஸும் தாளவாத்தியங்களும். கைபேசியின் ஸ்பீக்கரில் அந்த பாஸ் காணாமலே போய்விடும். தாழ்ந்த ஒலியைத் தாங்கும் ஸ்பீக்கரோ நல்ல ஹெட்ஃபோனோ இல்லாமல் கேட்டுவிட்டு அந்தத் தட்டை விற்றுவிடாதீர்கள்.