நெறி கட்டினால் டிபி என்று முடிவு கட்டாதீர்கள்: கிட்னி மாற்றியவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

தம்பிக்கு அம்மாவின் சிறுநீரகத்தை வைத்து ஒன்பதாவது வருடம். ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஏதோ உருள்கிறது என்றான். வலி இல்லை. ஆனால் சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும், ராத்திரி பனியன் நனைகிற மாதிரி வியர்க்கும். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். கழுத்தில் நெறி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் நம் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான். அங்கேயும் அதையே சொல்லி, ஆறு மாத மாத்திரைக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். எதற்கும் மாற்று சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று போன் போட்டோம். அவர் மாத்திரையைத் தொடவே வேண்டாம், உடனே வாருங்கள் என்றார். நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் வந்தது லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்.

மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு வரும் இந்த வகையை டாக்டர்கள் பி.டி.எல்.டி. என்பார்கள். காரணம் பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ். நம்மில் அநேகமாக எல்லோருக்கும் சின்ன வயதிலேயே அது தொற்றி, பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குள் வாழ்நாள் முழுக்கப் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைப்பவை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நாம் சாப்பிடும் டாக்ரோலிமஸும் மைக்கோபெனோலேட்டும் அந்த டி செல்களைத்தான் மட்டுப்படுத்துகின்றன. காவல் தளர்ந்ததும் பி செல்கள் தாறுமாறாகப் பெருகுகின்றன. பெரியவர்களில் நூறு பேருக்கு ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இது வருகிறது. அதனால் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் வந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும்.

முதல் தவறு, எங்கள் வீட்டில் நடக்க இருந்தது: பயாப்ஸி இல்லாமல் டிபி மருந்தைத் தொடங்குவது. டிபி என்று சந்தேகித்ததில் தப்பில்லை, கிட்னி மாற்றியவர்களுக்கு டிபியும் நிறையவே வரும். ஆனால் டிபி மருந்துகளில் இருக்கும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். ரத்தத்தில் அளவு சடசடவென்று இறங்கி, உடம்பு கிட்னியை நிராகரிக்க ஆரம்பிக்கும். ஆக, நோய்க்கு மருந்தும் கிடைக்காது, இருக்கிற கிட்னியும் போகும். ஊசி குத்தி எடுக்கும் சோதனையில் மட்டும் நிற்பதும் போதாது. முடிந்தால் நெறியை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும், லிம்ஃபோமாவின் வகை அப்போதுதான் சரியாகத் தெரியும். அதற்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டால் கட்டி சுருங்கி, பயாப்ஸி முடிவே குழம்பிப் போகலாம்.

அடுத்தது, கழுத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது. இது டான்சிலில் வரும், குடலில் வரும், மூளையிலும் வரும். விடாத வயிற்று வலி, கறுப்பாகப் போகும் மலம், புதிதாக வந்த தலைவலி, திடீரென்று மாறிய பேச்சு, எதையும் விட்டுவிடாதீர்கள். வைத்த கிட்னிக்குள்ளேயே கூட வரும். அப்போது கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறும். பார்த்தவுடன், உடம்பு கிட்னியை நிராகரிக்கிறது, அதாவது ரிஜெக்‌ஷன் என்று நினைத்து ஸ்டீராய்டை அதிகமாக ஏற்றினால் போகிற திசையே தலைகீழ். ரிஜெக்‌ஷனுக்கு எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும், இதற்கோ அடக்குவதைக் குறைக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கிட்னி பயாப்ஸிதான்.

"அதுதான் இத்தனை வருஷம் ஆகிவிட்டதே" என்று நாங்களும் நினைத்தோம். முதல் வருடத்தில் ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் பல வருடம் கழித்தும் வரும், அப்படித் தாமதமாக வருவதில் பலவற்றில் அந்த வைரஸே இருக்காது. ரத்தத்தில் வைரஸ் இல்லை என்ற ரிப்போர்ட்டை வைத்து நெறியை ஒதுக்க முடியாது.

லிம்ஃபோமா என்று கேட்டதும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "அப்போ எல்லா மாத்திரையையும் நிறுத்திடட்டுமா?" தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்தால் இந்தக் கட்டிகள் கரையலாம் என்று உறுப்பு மாற்று அறுவை நிபுணர் தாமஸ் ஸ்டார்சலின் குழு 1984-லேயே எழுதியது. இன்றும் சிகிச்சையின் முதல் படி அதுதான். ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. பொதுவாக மைக்கோபெனோலேட்டை நிறுத்துவார்கள், டாக்ரோலிமஸைக் குறைப்பார்கள், ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடர்வார்கள், கிரியேட்டினினை அடிக்கடி பார்ப்பார்கள். அது போதாதபோது பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் கீமோ. இதற்கிடையில் கிட்னி போனாலும் டயாலிசிஸ் இருக்கிறது. இதயம் மாற்றியவர்களுக்கு அந்த வழி இல்லை. அதனால் கிட்னியைக் காப்பாற்றுவதாக நினைத்து புற்றுநோய் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போகும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வரும் எண்ணே தப்பு. பம்பளிமாஸ் சாப்பிட்டால் அளவு ஏறலாம். அளவு தேவைக்கு மேல் நெடுநாள் இருந்தால் இந்த நோய்க்கு நாமே இடம் கொடுக்கிறோம்.

குழந்தைக்குக் கிட்னி வைக்கப்போகும் பெற்றோருக்கு ஒன்று: வைரஸ் இன்னும் தொற்றாத பிள்ளைக்கு, தொற்றிய பெரியவரின் கிட்னி போகும்போதுதான் ஆபத்து மிக அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன்பே இருவருக்கும் அந்த எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

அப்புறம், ரிட்டுக்ஸிமாப் ஏற்றும் முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை முடிந்ததா என்று பாருங்கள். பழைய தொற்று அடங்கிக் கிடந்தால் அந்த மருந்து அதை எழுப்பிவிடும், முன்பே தெரிந்தால் தடுக்க மாத்திரை இருக்கிறது. தம்பிக்கு அந்த ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில்தான் முதல் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.