சின்ன பேஸ் ஆம்ப் மேடையில் ஏன் திணறுகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1969-ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி., பேஸ் கிட்டாருக்கான 300 வாட் வால்வு ஆம்ப். அதன் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல். இன்று அதைவிட அதிக வாட் தரும் கிளாஸ்-டி ஹெட்கள் 2 கிலோகூட இல்லாமல் கிட்டார் உறையின் பாக்கெட்டில் அடங்கிவிடுகின்றன. கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்துக்கு, உயர் அதிர்வெண்ணில் ஓடும் ஸ்விட்சிங் பவர் சப்ளை வந்துவிட்டது. அவுட்புட் டிரான்ஸிஸ்டர்கள் முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதுமாக வேலை செய்வதால் வீணாகும் சூடு குறைந்து, பெரிய ஹீட் சிங்க்கும் தேவையற்றுப் போனது. ஆக, எடை குறைந்ததில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் மெலிந்தது மின்சுற்றுதான். கீழ் ஸ்வரங்களைக் கேட்கவைக்க ஸ்பீக்கர் தள்ள வேண்டிய காற்றின் அளவு அன்று எவ்வளவோ, இன்றும் அவ்வளவே. மேடையில் சின்ன ஆம்ப் ஏமாற்றிவிட்டது என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதை மறப்பதால் வருவது.

வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது

ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கிறது: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. வாட்டைவிட இது முக்கியம். 97 டெசிபல் கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) 300 வாட் கொடுத்தால் கணக்குப்படி 122 டெசிபல் அளவுக்கு வரும். 91 டெசிபல் கேபினட்டுக்கு 500 வாட் கொடுத்தாலும் 118-ஐத் தாண்டாது. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

சின்னப் பெட்டியில் இந்த எண் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் ஹோஃப்மனின் இரும்பு விதி என்று சொல்வார்கள்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றும் உண்டு என்று விளம்பரம் சொன்னால் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

ஹெட்டின் எடையை மட்டும் பார்ப்பதும் இதே வகைத் தவறு. 1 கிலோ ஹெட்டை 30 கிலோ கேபினட்மேல் வைத்தால் தூக்குபவருக்குப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. நியோடிமியம் காந்தமுள்ள 12 அங்குல ஒற்றை ஸ்பீக்கர் கேபினட்கள் பல 15 கிலோவுக்குள் கிடைக்கின்றன. எடை உண்மையில் குறைய வேண்டிய இடம் அதுதான்.

ஓம் கணக்கை விட்டுவிடுவது

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. ஹெட்டில் எழுதியிருக்கும் 500 வாட் பெரும்பாலும் 4 ஓமுக்கானது. ஒரேயொரு 8 ஓம் கேபினட்டை மாட்டினால் அதில் பாதி, அல்லது சற்று மேல்தான் கிடைக்கும். பல காம்போக்களில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் வருபவை) உள்ளிருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம். முழுத் திறன் வெளியே இன்னொரு 8 ஓம் கேபினட்டைச் சேர்த்த பிறகே வரும்.

இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2 ஓம். ஒரு 8-ம் ஒரு 4-ம் சேர்ந்தால் 2.67. ஹெட்டின் பின்பக்கம் 4 ஓம்தான் குறைந்தபட்சம் என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டையும் மாட்டவே கூடாது. ஆம்ப் பாதுகாப்பு நிலைக்குப் போய் பாட்டின் நடுவே அணையும், இல்லையேல் எரியும். பின்னாளில் இரண்டாவது கேபினட் சேர்க்கும் எண்ணமிருந்தால் முதலாவதை 8 ஓமாக வாங்குங்கள்.

பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போவது

சின்ன ஆம்ப்பைக் கொல்லும் தவறுகளில் இதுதான் முதன்மையானது. மேடையில் கேட்கவில்லை என்றதும் கை தானாக பேஸ் குமிழுக்குப் போகிறது. 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. ஹெட்டிடம் அவ்வளவு கையிருப்பு கிடையாது.

ஸ்பீக்கரின் நிலை அதைவிட மோசம். ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும்போது கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 82 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் நகரும் கோன், ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் நகர வேண்டியிருக்கும். ஐந்து கம்பி பேஸின் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று அதை உரக்கத் தருவது நடக்காத காரியம். முதலில் ஒலி பிசிறும், அப்புறம் படபடக்கும். 'டக்' என்று உலோகம் தட்டும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை நகர்த்தும் கம்பிச்சுருள்) பின்தட்டில் மோதுகிறது என்று பொருள். உடனே குறைத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது நேர் எதிர். ஹை-பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழான அதிர்வெண்களை வெட்டுவது) இருந்தால் 35–40 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் பேஸ் குமிழை நடுநிலையிலிருந்து சற்றுக் கீழே இறக்குங்கள். பிறகு 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட் பகுதியை 3 டெசிபல் அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் பேஸின் ஸ்வரம் தெளிவாகப் பிடிபடுவது இந்தப் பகுதியில்தான். அடிப்படை அதிர்வெண் வலுவிழந்தாலும் அதன் மேல்மடங்குகள் சரியாக வந்தால் மூளை அந்தக் கீழ் ஸ்வரத்தைத் தானே உணர்ந்துகொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்பது சாத்தியமாவதே இதனால்தான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனித்த, நடுப்பகுதி குழிந்த ஈக்யூ (பேஸ், மிட், டிரெபிள் குமிழ்களின் அமைப்பு), இசைக்குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடும்.

வைக்கும் இடம்

கோனுக்கும் பின்சுவருக்கும் 1 மீட்டர் இடைவெளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 2 மீட்டர் கூடுதலாகப் பயணித்து, 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் அலையோடு மோதி அதை அழிக்கும். டி கம்பியின் 3-ஆம் ஃப்ரெட் அங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ஏன் தேய்கிறது என்று குமிழ்களில் தேடினால் விடை கிடைக்காது. கேபினட்டைச் சுவருக்கு நெருக்கமாகத் தள்ளுங்கள்; பின்பக்கம் போர்ட் (காற்று வெளியேறும் திறப்பு) இருந்தால் ஒரு கையளவு இடம் விடுங்கள். தரையிலேயே இருந்தால் கீழ் ஒலிக்கு வலு கூடும். ஆனால் மிட் முழங்காலில் அடித்துப் போய்விடும் என்பதால், முன்பக்கத்தை உயர்த்திக் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். சத்தம் போதவில்லை என்று தோன்றும் பாதி நேரம், குறை இந்தக் கோணத்தில்தான்.

இன்னொன்று, 2 கிலோ ஹெட் கேபினட்டின் அதிர்வில் மெல்ல நகரும். கிட்டார் கேபிள் சற்று இழுபட்டாலும் கீழே விழும். ஹெட்டுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, கேபிளை கேபினட் கைப்பிடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். காற்றுத் துளைகளைத் துணியோ பையோ மூடக் கூடாது.

கேபிள்கள்

ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் கிட்டார் கேபிளை மாட்டாதீர்கள். பிளக் ஒன்றுபோலவே இருந்தாலும் உள்ளே கம்பி மெலிசு. 500 வாட் 4 ஓமுக்குப் போகும்போது 11 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிள் சூடாகி உள்ளே உருகி ஷார்ட் ஆகலாம். 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கேபிள், முடிந்தால் திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் பிளக்கோடு வையுங்கள். கிளாஸ்-டி ஹெட் பலவற்றில் ஸ்பீக்கர் அவுட்டின் இரு முனைகளிலும் சிக்னல் இருக்கும், எதுவும் கிரவுண்டு அல்ல. ஆகவே அதை டி.ஐ. பெட்டிக்கோ (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) வேறு கருவிக்கோ கொடுக்கக் கூடாது.

பி.ஏ. இருக்கும்போதும் அரங்கை நிரப்ப முயல்வது

பேஸ் பி.ஏ. (அரங்கின் பொது ஒலிபெருக்கி அமைப்பு) வழியாகப் போகிறது என்றால் உங்கள் ஆம்ப் மேடை மானிட்டர் மட்டுமே. டி.ஐ. அவுட்டை மிக்ஸருக்குக் கொடுத்து, அதன் பொத்தானை ப்ரீ-ஈக்யூவில் (ஈக்யூ குமிழ்களுக்கு முந்தைய சிக்னல்) வையுங்கள். போஸ்ட்டில் (குமிழ்களுக்குப் பிந்தையது) இருந்தால் உங்கள் மேடைக்காகத் திருகும் ஒவ்வொரு குமிழும் அரங்கின் ஒலியையும் மாற்றும். ஹம் (இரைச்சல்) வந்தால் டி.ஐ. அவுட்டின் கிரவுண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். சுவர் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் கழற்றாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

பி.ஏ. இல்லாத திறந்தவெளி, கூடவே பலமாக அடிக்கும் டிரம்மர் என்றால் ஒற்றைச் சின்ன கேபினட் போதாது. அதே மாதிரி இன்னொரு 8 ஓம் கேபினட்டை அதன்மேல் அடுக்குங்கள். ஹெட்டிலிருந்து கூடுதல் வாட்டும், இரண்டு கோன்கள் சேர்ந்து தள்ளும் காற்றும் கூடிக் கீழ்ப்பகுதியில் 6 டெசிபல் வரை கிடைக்கும். மேல் கேபினட் காதுக்கும் அருகில் வந்துவிடும். தனித்தனியாக இரண்டு நடை தூக்கினால் ஒவ்வொன்றும் ஒரு கைக்குள் அடங்கும் எடைதான்.